காயப் போட்ட தோட்டம்

ஜூலை 11, திங்கள்

இந்த டைரி உரக்கடையில் சும்மா கொடுத்தது. பாதி வருடம் போன பிறகு வேறு யார் வாங்குவார்கள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். யாரிடமாவது கத்த வேண்டும் போல இருக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று அப்பாவுக்கு முதல் வருடத் திவசம், தம்பி குத்தாலிங்கம் வீட்டில். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும் நேரம் பார்த்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் ஆரம்பித்தான்.

"அக்கா, மில் ஹாஸ்டலை மூடிட்டாங்கன்னு வந்துட்ட, சரி. ஒத்தப் பொம்பளை, அந்தப் பொத்தையடித் தோட்டத்துல கெடந்து என்ன செய்யப் போற? எம் பேருக்கு எழுதிக் குடுத்துட்டு எங்களோட இரி. ஒரு ரூம் ஒதுக்கித் தாரேன்."

ஒதுக்கித் தருவானாம்! நாலு ஏக்கர் எலுமிச்சை, கிணறு, இரண்டு அறை வீடு, எல்லாம் அப்பா உயில் எழுதிப் பதிந்து வைத்துவிட்டுப் போனது. பட்டாவும் சங்கரவடிவு என்ற என் பெயருக்கு மாறியாயிற்று. முப்பது வருடம் இராஜபாளையத்தில் மில் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தேன். யார் வீட்டு ரூமிலோ ஒதுங்கிக்கிடந்தது அங்கேயே போதும். என் தோட்டத்தை ஒட்டி அவனுடைய தென்னந்தோப்பு இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ரோட்டடி பிளாட். பாசம் எங்கிருந்து பொங்குகிறது என்று எனக்குத் தெரியாதா?

திரவியம் மாமா அம்மாவின் கடைசித் தம்பி, குடும்பத்தில் எந்தப் பஞ்சாயத்துக்கும் அவர்தான் தலை. அவரும் சேர்ந்துகொண்டார். "அவன் சொல்லுததுல என்னட்டி தப்பு? நீ என்னத்த வெள்ளாமை பாத்த?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து நின்று சொன்னேன். "வார சித்திரை முடியட்டும். அந்தத் தோட்டத்து எலுமிச்சையை மட்டும் வித்து நான் சாப்பிட்டுக் காட்டலன்னா, நானே வந்து கையெழுத்துப் போடுதேன்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்லா?" என்றார் மாமா.

எலுமிச்சையை மட்டும் என்று எதற்குச் சொன்னேன்? யாரும் அப்படிக் கேட்கவே இல்லை. என் வாய்.

ஜூலை 24, ஞாயிறு

மாடத்தியை நாள்கூலிக்கு வைத்திருக்கிறேன். இருபது வருடமாக எலுமிச்சைத் தோட்டங்களில் முள்குத்து வாங்கிய கை அவளுக்கு. வேலையை விட வாய் அதிகம், ஆனால் விஷயம் தெரிந்த வாய்.

ஆடியில் எல்லா மரத்திலும் காய்த்துக் கொட்டுகிறது. பறிக்கிற கூலிக்குக் கட்டாது என்று கீழேயே அழுகவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் ஆளுக்கு ஒரு பழம் வேண்டும், மரத்தில் இருக்காது. அப்போது காய் வைத்திருப்பவன்தான் பிழைப்பான்.

"சித்திரையில காய் வேணும்னா ஆவணியில மரத்தக் காயப் போடணும்க்கா. நாப்பது நாளு சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது. எல சுருண்டு பழுத்துக் கொட்டணும். செத்துருவோம்னு மரத்துக்கு ஒரு பயம் வரணும். அப்பொறம் கொத்தி, ஆட்டெரு வச்சு, தண்ணியத் தொறந்து விட்டா பதினஞ்சாம் நாளு பூத்துத் தள்ளிரும்."

நடுவில் ஒரு தண்ணீர் பட்டால்?

"போச்சு. பயம் தெளிஞ்சிரும். தளுத்துக்கிட்டே நிக்கும், பூக்காது."

தோட்டக்கலை அலுவலகத்திலும் கேட்டேன். அதையேதான் சொன்னார்கள், அரைமணி நேரம் காக்க வைத்து.

ஆகஸ்ட் 17, புதன்

ஆவணி ஒன்று. மோட்டாரை நிறுத்தினேன். மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை நிலைக்கு மேலே வைத்தேன். ஊரில் எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள்.

ஆகஸ்ட் 23, செவ்வாய்

காலையில் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. வானத்தைப் பார்த்துத் திட்டினேன். ஊரே மழை வேண்டும் என்று கோவிலில் கஞ்சி ஊற்றுகிறது. நான் வேண்டாம் என்று நிற்கிறேன். நல்ல வேளை, நாலு தூறலோடு போய்விட்டது.

ஆகஸ்ட் 31, புதன்

இலை சுருள ஆரம்பித்துவிட்டது. மதியம் தோட்டத்துக்குள் போனால் காலடியில் நொறுங்குகிறது. குத்தாலிங்கம் பைக்கில் போனவன் வேலியோரம் வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன். ஹெல்மெட்டுக்குள் என்ன சிரிப்பு தெரியும் என்று மாடத்தி கேட்கிறாள். எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 4, ஞாயிறு

ஹாஸ்டலில் இருந்த பொன்செல்வி இப்போது சென்னையில் ஒரு டிராவல்ஸில் இருக்கிறாள். காய் வரும்வரை கைச்செலவுக்கு ஆகட்டுமே என்று, தோட்டத்து வீட்டைப் படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டாள். முன் அறையை வாடகைக்கு விட்டு, சமைத்தும் போடுவதாக ஏற்பாடு. இன்று முதல் கூட்டம் வந்தது. இரண்டு குடும்பம், ஏழு பேர், பதினோரு பை.

வந்ததும் முதல் கேள்வி, "பம்புசெட்டு எங்கே?"

"கிணத்துல இருக்கு. போட மாட்டேன்" என்றேன்.

"பம்புசெட்டுக் குளியலுக்குத்தானே மேடம் இவ்வளவு தூரம் வந்தோம்! தண்ணிதான் இருக்கே?"

தண்ணீர் இருக்கிறது, மரம் குடிக்கக் கூடாது, தொட்டியில் விழுவது வாய்க்காலுக்குத்தான் போகும் என்று சொன்னேன். அந்த அம்மாள் மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "பாவம் இல்லையா?" என்றாள். ஏழு பேருக்கும் இரண்டு வாளி வைத்து ஆளுக்கு எத்தனை செம்பு என்று சொன்னேன். கோழிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மதியமே கிளம்பிவிட்டார்கள். இன்டர்நெட்டில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார்களாம். பொன்செல்வி போனில் அழுகிறாள். அழட்டும்.

செப்டம்பர் 9, வெள்ளி

தம்பி பெண்டாட்டி வெயிலுகந்தாள் வந்தாள். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டு ஊர்க்காரி. கல்யாணமாகி வந்து இருபத்துமூன்று வருடம் ஆகிறது. அந்த வீட்டு அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடுவே நடந்ததைத் தவிர அவள் எங்கும் நடந்து நான் பார்த்ததில்லை. தோட்டத்துக்குள் கால் வைத்ததே இது இரண்டாவதோ மூன்றாவதோ.

முறத்தில் முருங்கைக்காய் கொண்டு வந்திருந்தாள். அதை நீட்டக்கூட இல்லை, மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மதினி, மரமெல்லாம் இப்பிடி வாடுதே. கெணத்துல தண்ணி தளும்பிக் கெடக்கே?"

"வாடட்டும். உன் வீட்டுக்காரன் பாத்துட்டு வரச் சொன்னானா? செத்துட்டுன்னு போய்ச் சொல்லு. சந்தோசப்படட்டும்."

"அய்யோ, இல்ல மதினி, நான்…"

"கொண்டு வந்தத வச்சுட்டுப் போட்டி."

வைத்துவிட்டுப் போனாள். போகிறபோது ஒரு மரத்தின் இலையைத் தொட்டுப் பார்த்தாள். அது கையோடு வந்துவிட்டது. அதைக் கீழே போடாமல் எடுத்துக்கொண்டே போனாள். நடிப்பு!

முருங்கைக்காய் நல்ல பிஞ்சு. சாம்பார் வைத்தேன்.

செப்டம்பர் 13, செவ்வாய்

இருபத்தெட்டாம் நாள். இலை பாதி பழுத்துவிட்டது. மாடத்தி ஒரு கொப்பை ஒடித்துப் பார்த்து, "சரியாப் போவுதுக்கா, இன்னும் பன்னெண்டு நாளுதான்" என்றாள். இத்தனை மாதத்தில் இன்றுதான் சாப்பிட்டது செரித்தது.

நாளை இராஜபாளையம் போகிறேன். ஹாஸ்டல் பெண் ஒருத்திக்குக் கல்யாணம், நான்தான் தாலி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மாடத்திக்கு இரண்டு நாள் வயலில் களையெடுப்பு. தோட்டத்தில் என்ன இருக்கிறது திருடிக்கொண்டு போக?

செப்டம்பர் 16, வெள்ளி

பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே மண்வாசம் வந்தது. மழை பெய்ததா என்று ரோட்டைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

தோட்டம் முழுக்க ஈரம். ஒரு மரம் பாக்கியில்லை. ஒவ்வொரு பாத்தியிலும் தண்ணீர் நின்று வற்றிய தடம். வாய்க்கால் கரையை யாரோ காலால் மிதித்து மிதித்து உடைத்திருக்கிறார்கள். மோட்டார் ரூம் பூட்டியிருந்தது, சாவி நிலைமேல் இருந்தது, ஒழுங்காக!

பெட்டியைப் பாதையிலேயே போட்டுவிட்டு நேரே குத்தாலிங்கம் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்றுதான் பேசினேன். பேசினேன் என்றா எழுதினேன்? தெருவில் ஒரு வீட்டு வாசலும் ஆளில்லாமல் இல்லை.

"திருட்டுப் பயலே! நேர்ல மோத முடியாம, ஆளில்லாத நேரம் பாத்து மோட்டாரப் போட்டியா? சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே! நீயெல்லாம் கூடப் பொறந்தவனா?"

அவன் சாப்பிட்ட கையோடு வெளியே வந்தான். முகம் வெளிறிப்போனது. எவ்வளவு நன்றாக நடிக்கிறான்!

"அக்கா, எந்தச் சாமி மேல வேணாலும் சத்தியம் பண்ணுதேன். நான் அந்தப் பக்கமே வரல."

"நீ வரலன்னா தண்ணி தானாப் பாஞ்சுதா?"

"ஊருக்கு முன்னால என்னைத் திருடன் ஆக்கிட்டல்லா?" அவனுக்கும் குரல் ஏறிவிட்டது. "சித்திரை முடியட்டும். கையெழுத்து வாங்காம விடமாட்டேன். ஒரு நாள் கூடக் கூட்டித் தரமாட்டேன், பாத்துக்கோ!"

அவனுக்குப் பின்னால் கதவோரம் வெயிலுகந்தாள் நின்றாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தாள். புருஷனைத் திட்டினால் அழத்தான் செய்வாள்.

செப்டம்பர் 17, சனி

தொண்டை கட்டிவிட்டது. மாடத்தி சொல்வதை எல்லாம் தலையாட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது. மறுபடி முதலிலிருந்து காயப் போடலாமா என்றால், நாற்பது நாள் எண்ணுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளுமாம்.

அக்டோபர் 6, வியாழன்

தளிர். எங்கே பார்த்தாலும் தளிர். பார்க்கிறவர்கள் எல்லாம் தோட்டம் எவ்வளவு செழிப்பு என்கிறார்கள். தேடித் தேடிப் பார்த்ததில் வடக்கு மூலையில் ஏழு பூ.

அக்டோபர் 30, ஞாயிறு

மழை. பெய்யட்டும். இனி என்ன?

நவம்பர் 20, ஞாயிறு

இரண்டு மாதமாகக் கறிவேப்பிலையையும் முருங்கைக்கீரையையும் கட்டி சந்தைக்கு அனுப்பிச் சாப்பிடுகிறேன். பொன்செல்வியை மறுபடி படம் போடச் சொன்னேன். இனிமேல் மோட்டார் போட என்ன தடை? மரத்துக்குத்தான் பயம் தெளிந்துவிட்டதே.

நேற்றுக் காலை மதுரையிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. காலையிலிருந்து மத்தியானம் வரை பம்புசெட்டுத் தொட்டியிலேயே ஊறினார்கள். நாற்பது வயது ஆள் ஒருவர் தொட்டிச் சுவரில் ஏறிக் குதிக்கப் பார்த்தார். "இறங்கும்!" என்று ஒரு சத்தம்தான் போட்டேன். இறங்கிவிட்டார். எட்டு மணிக்குச் சாப்பாடு, தட்டை அவரவர்தான் கழுவ வேண்டும், தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. ஹாஸ்டல் சட்டத்தை அப்படியே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இதற்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். "அம்மா திட்டுவது மாதிரியே இருந்தது" என்று எழுதியிருக்கிறார்களாம். அடுத்த மாதம் எல்லா சனிக்கிழமைக்கும் ஆள் வந்துவிட்டது. பைத்தியக்காரக் கூட்டம்.

ஆக, நான் இந்த இடத்தில்தான் சாப்பிடுகிறேன். ஆனால் எலுமிச்சையில் இல்லை.

ஜனவரி 17, செவ்வாய்

காணும் பொங்கல். டைரி டிசம்பரோடு தீர்ந்துவிட்டது, முன்னால் காலியாகக் கிடக்கும் பக்கங்களில் எழுதுகிறேன். விருந்தாளிகள் பத்து மணிக்குக் கிளம்பினார்கள். பாத்திரத்தை ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வெயிலுகந்தாள் வந்தாள். அந்தத் தெருச் சண்டைக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு ஈ கூட இந்தப் பக்கம் வந்ததில்லை. தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்திருந்தாள்.

"மதினி, ஒண்ணு சொல்லணும். அடிச்சாலும் சரி."

"சொல்லித் தொலை."

"அன்னைக்கு மோட்டாரப் போட்டது நாந்தேன்."

நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். நல்லதாகப் போயிற்று.

"நீங்க கல்யாணத்துக்குப் போன ரெண்டு நாளும் வந்தேன். உங்க தம்பி தென்காசிக்குப் போயிருந்தாக. கரண்டு இருந்த நேரம் பூராவும் ஓடவிட்டேன். மம்பட்டி பிடிச்சுப் பழக்கமில்ல, வாய்க்கால மிதிச்சு மிதிச்சுத்தேன் திருப்புனேன். எங்க ஊர்ல கெணறே கெடையாது மதினி. வானத்தப் பாத்துத்தேன் வெள்ளாமை. சின்னப் பிள்ளையில பருத்திச் செடி வாடுனா, குடிக்க வச்ச தண்ணியக் கொடத்தோட கொண்டுபோயி ஊத்துவோம். அதுக்காக எங்கய்யாகிட்ட அடியும் வாங்கிருக்கேன். இங்க கெணறு நெறையத் தண்ணிய வச்சுக்கிட்டு மரம் சாகுறதப் பாக்க எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு. அவுக மேல இருக்குற கோவத்துல நீங்க சாகவிடுறீகன்னு நெனச்சேன். வேணும்னே வாடப் போடுவாகன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டு நாளு கழிச்சு மாடத்தி தெருவுல பேசிக்கிட்டுப் போகும்போதுதேன் தெரிஞ்சுது."

"அன்னைக்கு நான் கேட்டு வாசல்ல நின்னு கத்தும்போது ஏன்டி வாயத் தொறக்கல?"

"வெளிய தள்ளிருவாக மதினி. நான் எங்க போவேன்? எங்க அண்ணன்மாரு வீட்டுல எனக்கு ஒரு பாய் கூடக் கெடையாது."

அப்புறம் அவள் சொன்னதுதான் இன்னும் காதில் கிடக்கிறது.

"நீங்க செயிக்கணும்னுதேன் செஞ்சேன். எங்கய்யா சாகும்போது எனக்கும் மூணு குறுக்கம் நெலம்னு சொல்லிட்டுத்தேன் போனாரு. அண்ணன்மாரு மூணு பேரும் பயிர் வைக்காக. இருபது வருசமா நான் கேக்கல. நீங்க செயிச்சுட்டா நானும் போயிக் கேக்கலாம்னு இருந்தேன்."

கத்தினேன். மூளை இருக்கிறதா என்று கேட்டேன், கேட்டுவிட்டுச் செய்யக் கூடாதா என்று கேட்டேன், என் வாழ்க்கையைத் தண்ணீரில் கரைத்துவிட்டாயே என்று கேட்டேன். அவள் எல்லாவற்றுக்கும் "ஆமா மதினி, ஆமா மதினி" என்றாள். அதற்கு மேல் எப்படிக் கத்துவது?

அவள் கேட்டுத்தான் இருந்தாள். செப்டம்பர் ஒன்பதாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மரம் வாடுகிறதே என்று கேட்டாள். பூக்கத்தான் காயப் போட்டிருக்கிறேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். இதை எழுதவே பிடிக்கவில்லை.

அவளை உட்காரவைத்துச் சோறு போட்டேன். நாலு வாய்தான் சாப்பிட்டாள். நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

பிப்ரவரி 20, திங்கள்

பூத்துவிட்டது. தோட்டமே வெள்ளை. இப்போது பூத்து என்ன செய்ய? காய் ஆனியிலும் ஆடியிலும் வரும், ஊர்க் காயோடு சேர்ந்து குப்பைக்குப் போக. தேனீ மட்டும் சந்தோஷமாக இருக்கிறது. விருந்தாளிகள் மரத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை பிறந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடைக்காரன் வீட்டு வாசலுக்கே வந்து பழம் இருக்கிறதா என்று கேட்கிறான். மரத்தில் சுண்டைக்காய் அளவு பிஞ்சு. அவனை வைது அனுப்பினேன். அவன் என்ன செய்தான், பாவம்.

மே 14, ஞாயிறு

சித்திரை கடைசி நாள். பத்து மணிக்கு வரச் சொல்லி மாமா ஆள் அனுப்பினார். பத்துக்குச் சரியாகப் போனேன்.

கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் டீப்பாய் மேல் பத்திரம், அதன்மேல் பேனா. குத்தாலிங்கம் புதுச் சட்டை போட்டிருந்தான்.

"ஒரு எலுமிச்சம்பழம் வித்தியா?" என்றான்.

"இல்ல."

"வாரத்துக்கு வாரம் ஊர்ச்சனத்தக் கூட்டி வச்சுச் சத்திரம் நடத்துத. அது கணக்குல கெடையாது. சொன்னது எலுமிச்சை. போடு கையெழுத்த."

திரவியம் மாமா கையை உயர்த்தினார். அந்த மனிதரை நான் ஒரு வருடமாக மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன். அவர்தான் கேட்டார்.

"பொறுல. ஏட்டி வடிவு, நடுவுல எவனோ தண்ணி பாச்சிட்டான்னு தெருவுல நின்னு சத்தம் போட்டியே, அது யாருன்னு தெரிஞ்சுதா? வேற ஆளு கெடுத்ததுன்னா ஒன் வாக்கு ஒன்னைக் கட்டாது. ஆளச் சொல்லு. இன்னொரு வருசம் நானே வாங்கித் தாரேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெயர்தான். சொன்னால் ஒரு வருடம் கிடைக்கும். அடுத்த ஆவணியில் காயப் போட்டு, அடுத்த சித்திரையில் லாரி ஏற்றி, இவன் வாசல் வழியாகவே கொண்டுபோகலாம். அதை எட்டு மாதமாகப் படுத்துக்கொண்டே எத்தனை தடவை நினைத்திருக்கிறேன்!

அடுப்படி வாசலில் வெயிலுகந்தாள் காபித் தட்டோடு நின்றாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். வாயைத் திறந்துவிட்டாள்.

"மாமா, அது வந்து…"

"ஏட்டி!" என்று நான் போட்ட சத்தத்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. "பெரியாளுக பேசுத எடத்துல ஒனக்கு என்ன வேலை? குறுக்க வந்து நிக்குததுதான் ஒங்க ஊர்ப் பழக்கமா? போ உள்ள! போய் அடுப்பப் பாரு!"

போகவில்லை. நான் எழுந்து இன்னொரு தடவை சொன்னேன். அப்புறம்தான் போனாள்.

குத்தாலிங்கத்துக்கு மூக்கு விடைத்தது. "எம் பொண்டாட்டிய எம் வீட்டுல வச்சே அதட்டுதியா?"

"ஆமா, அதட்டுதேன்" என்றேன். பிறகு மாமாவைப் பார்த்துச் சொன்னேன். "யாரும் தண்ணி பாச்சல மாமா. ஊருக்குப் போற அவசரத்துல மோட்டார அமத்தாம நாந்தான் போயிட்டேன். தம்பி மேல வீணாப் பழி போட்டுட்டேன். தப்புதான்."

மன்னிப்புக் கேட்பது போல உடம்பு எரிகிற வேலை உலகத்தில் இல்லை. அவனுக்கு அப்படியே முகம் மலர்ந்துவிட்டது. பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினான்.

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"வாக்குக் குடுத்தியேட்டி?" மாமா கேட்டார்.

"குடுத்தேன். கோவத்துல குடுத்தேன். இப்ப இல்லங்கேன். பட்டா எம் பேர்ல இருக்கு. அந்த மண்ணுலதான் நான் கஞ்சி குடிக்கேன், எலுமிச்சையில குடிச்சா என்ன, ஊரானுக்குச் சோறு பொங்கிப் போட்டுக் குடிச்சா என்ன? அங்கதான் இருப்பேன்."

அதற்குப் பிறகு அவர்கள் சொன்னதை எல்லாம் எழுதப் போவதில்லை. சோற்றில் உப்புப் போட்டுத் தின்கிறவளா என்று கேட்டார்கள். வாக்குக் கெட்டவள் என்றார்கள். அப்பா பெயரை வேறு இழுத்தார்கள். குத்தாலிங்கம் பத்திரத்தை மடித்துக்கொண்டே, "இனி இந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு நீ வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றான். மாமா என் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டார். அதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஆத்திரத்தில்தான் அழுதேன். ஆனால் அழுதேன்.

மே 15, திங்கள்

காலை மூன்று மணி நேரம் தண்ணீர் பாய்ச்சினேன்.

மே 20, சனி

விருந்தாளிகள் ஆறு பேர். ஒருவருக்கு எலுமிச்சைச் சாதம் வேண்டுமாம். கடையில் வாங்கித்தான் செய்து போட்டேன். எலுமிச்சைத் தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு!

கடையில் ஒரு கிழவி என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவளிடம் குசுகுசு என்றாள். என்னடி என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள்.

மே 24, புதன்

மாடத்தி வரும்போதே மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். வெயிலுகந்தாள் அவளுடைய ஊருக்குப் போய்விட்டாளாம்.

"சண்டையாட்டி?" என்றேன்.

"சண்டையெல்லாம் இல்லக்கா. புருசங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போயிருக்கா. அண்ணன்மாருகிட்டப் பங்கு கேக்கப் போறேன்னாளாம். அவரு சிரிச்சிருக்காரு. போ, எவன் குடுப்பான்னு பாத்துட்டு வா அப்டின்னாராம்."

பஸ் நிறுத்தத்தில் மாடத்தியே பார்த்திருக்கிறாள். மடியில் ஒரு வயர்கூடை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்ததாம். சாமி கும்பிடுகிறாளோ என்று கிட்டே போய்க் கேட்டிருக்கிறாள். "அண்ணன்மாருகிட்ட என்ன பேசணும்னு பாடமாக்கிக்கிட்டு இருக்கேன்" என்றாளாம். என்னிடம் சொல்லச் சொன்னாளா என்று கேட்டேன். "அடுப்பப் பாத்து முடிச்சாச்சுன்னு மதினிகிட்டச் சொல்லு" என்றாளாம். மாடத்திக்கு அது என்னவென்று விளங்கவில்லை. நான் விளக்கவும் இல்லை.

அந்த அண்ணன்மாரை எனக்குத் தெரியும். கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். மூன்றும் மீசை. தங்கச்சி வந்தாள் என்று கோழி அடித்துக் குழம்பு வைப்பார்கள். அப்பாவை நினைத்துக் கண்ணீர் விடுவார்கள். அவளும் கூடவே அழுவாள். பாடமாக்கிக்கொண்டு போனது அதோடு போகும். ஒரு சேலையை எடுத்துக் கொடுத்து பஸ் ஏற்றி விடுவார்கள்.

சனிக்கிழமை வருகிறவர்களை வர வேண்டாம் என்று பொன்செல்வியிடம் சொல்லிவிட்டேன். மாடத்தியிடம் சாவி கொடுத்து, எந்த வரிசைக்கு எப்போது தண்ணீர் என்று இரண்டு தடவை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாயிற்று.

பெரிய அண்ணன் பெயர் என்னவோ, ஞாபகம் வரவில்லை. பெயர் எதற்கு? தெருவில் நின்று கூப்பிட்டால் வெளியே வரத்தான் செய்வான்.

வெயிலுகந்தாளுக்குக் கோபப்படத் தெரியாது. எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் ஒழுங்காகத் தெரியாது. காலை ஐந்தே முக்காலுக்கு முதல் பஸ்.